பர்ஸ்ல மிச்சம் எவ்வளவு மாப்ளே?

"பர்ஸ்ல மிச்சம் எவ்வளவு மச்சான்?"

ஸ்பீக்கரில் போட்டிருந்த என் போனிலிருந்து இந்தக் கேள்வி வந்ததும், பக்கத்தில் வடை தின்றுகொண்டிருந்த வெளியூர்ப் பெரியவர் பதறிப்போனார்.

"பிக்பாக்கெட்டா தம்பி? பெரியார் பஸ் ஸ்டாண்டுலயா? எம்புட்டுப் போச்சு?"

"அதெல்லாம் இல்லீங்கய்யா. 43 கோடியே 40 லட்சம் பத்திரமா இருக்கு" என்றேன்.

பெரியவர் என் சட்டையைப் பார்த்தார். செருப்பைப் பார்த்தார். வடையைக் கையில் எடுத்துக்கொண்டு அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டார்.

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. 2025 டிசம்பர் 16, செவ்வாய்க்கிழமை மத்தியானம் சிம்மக்கல் பக்கம் வந்து நின்றிருந்தால் நீங்களும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள். அபுதாபியில் ஐ.பி.எல். ஏலம். மதுரையில் பாதி ஆபீஸ்களில் அன்றைக்கு ஆண்களுக்குத் திடீர் பல்வலி. பல்வலிக்காரர்கள் எல்லாரும் ஒரே டீக்கடையில். ஆளுக்கொரு போன், ஆளுக்கொரு கணக்கு. தன் சம்பளத்தில் பிடித்தம் எவ்வளவு என்று தெரியாதவன்கூட, சென்னை சூப்பர் கிங்ஸ் கையில் எவ்வளவு, எத்தனை இடம் காலி என்று பைசா சுத்தமாகச் சொல்கிறான்.

எங்கள் சபையை அறிமுகப்படுத்திவிடுகிறேன். பேங்க்கில் கேஷ் கவுன்டரில் இருக்கும் 'பங்காளி' மும்பை இந்தியன்ஸ் ரசிகர். மதுரையில் பிறந்து, மதுரையில் வளர்ந்து, மும்பைக்குக் கை தட்டுகிற அபூர்வப் பிறவி. அடுத்தவர் மெடிக்கல் ரெப். மாத்திரைப் பெயரைவிட ஸ்ட்ரைக் ரேட் அவருக்கு நன்றாக ஞாபகம் இருக்கும். மூன்றாவது, ரிட்டயர்டு கணக்கு வாத்தியார். 'சார்' என்றுதான் கூப்பிடுவோம். மகன் அமெரிக்காவில். வருஷத்தில் மூன்று மாசம் அங்கே போய் உட்கார்ந்து பேஸ்பால் பார்த்துவிட்டு வருவார். நாலாவது, 'மாப்ளே'. ஒரு தனியார் ஃபைனான்ஸ் கம்பெனியில் வேலை. ஜடேஜா பக்தர். அன்றைக்குப் போனில் பர்ஸ் கேட்டது அவர்தான். பெஞ்சில் அவர் உட்காரும் ஓரம் மட்டும் காலியாக இருந்தது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அன்றைக்கு மும்பையின் பர்ஸில் இருந்தது 2 கோடியே 75 லட்சம்தான். பத்து அணிகளில் அதுதான் குறைச்சல்.

"என்ன பங்காளி, உங்காளுக ஏலத்துக்கு வந்திருக்காகளா, இல்ல டீ குடிக்க வந்திருக்காகளா?" என்றார் ரெப்.

"வீட்ல அரிசி பருப்பு எல்லாம் இருக்கிறவன் சந்தைக்கு எதுக்குய்யா பை நிறையப் பணத்தோட வரணும்? கருவேப்பிலை வாங்க வந்தோம்" என்றார் பங்காளி.

பதில் சொல்ல எங்களிடம் ஆள் இல்லை. 2025 சீசனில் சென்னை பத்தாவது இடம். பத்து அணிகளில் பத்தாவது! சரித்திரத்தில் முதல் தடவை. ஆக, அந்த 43 கோடி என்பது பணக்காரன் பையில் இருந்த பணம் இல்லை. வீட்டுச் சாமானை எல்லாம் வெளியே போட்டுவிட்டுப் புதுசு வாங்கக் கிளம்பியவன் பையில் இருந்த பணம்.

* * *

நான் பி.காம். படித்தவன். படிப்பு எனக்கு வேலை வாங்கித் தரவில்லை. டீக்கடையில் மரியாதை வாங்கித் தந்திருக்கிறது. ஏலக் கணக்கில் சந்தேகம் வந்தால் சபை என் பக்கம்தான் திரும்பும். நான் வழக்கமாக 2008-லிருந்து ஆரம்பிப்பேன்.

2008 பிப்ரவரி 20. மும்பையில் முதல் ஏலம். ஒவ்வொரு அணிக்கும் செலவு வரம்பு 50 லட்சம் டாலர். சச்சின், கங்குலி, டிராவிட், சேவாக், யுவராஜ் ஐந்து பேருக்கும் 'ஐகான்' பட்டம். அவரவர் ஊர் அணிக்கே. ஏலத்தில் அந்த அணி யாருக்கு அதிக விலை கொடுக்கிறதோ, அதைவிட 15 சதவிகிதம் கூடுதலாக ஐகானுக்குக் கொடுத்தாக வேண்டும். சென்னைக்கு ஐகான் கிடையாது. 'ஐயோ பாவம், பெரிய ஆள் இல்லாத டீம்' என்று நாங்கள் எல்லாரும் பரிதாபப்பட்டோம்.

ஏலத்தில் தோனி வந்தார். மும்பையும் சென்னையும் முட்டின. 15 லட்சம் டாலரில் சென்னை எடுத்தது.

இப்போது பேனாவை எடுங்கள். அதே 15 லட்சத்துக்கு மும்பை எடுத்திருந்தால்? சச்சினுக்கு 15 சதவிகிதம் சேர்த்து 17 லட்சத்து 25 ஆயிரம். இரண்டு பேருக்கே 32 லட்சத்து 25 ஆயிரம் போயிருக்கும். மிச்சமுள்ள 17 லட்சத்து 75 ஆயிரத்தில் மொத்த டீமையும் கட்ட வேண்டும். கல்யாண மண்டபத்துக்கும் நாயனத்துக்கும் பணத்தைக் கொட்டிவிட்டு, பந்திக்குத் தயிர்சாதம் போடுகிற கதை. சென்னைக்கு அந்தச் சுமை இல்லை. ஐகான் இல்லாத குறையே வரமாக வந்தது!

"ஆனா அந்த வருஷம் கப்பை யாரு தூக்குனா?" என்று சார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்பார்.

அதுதான் வேடிக்கை. அணிகளை விற்றபோது மும்பை 11 கோடியே 19 லட்சம் டாலருக்குப் போனது. எல்லாவற்றிலும் மலிவாக 6 கோடியே 70 லட்சம் டாலருக்குப் போனது ராஜஸ்தான். 2008 ஜூன் 1-ம் தேதி இறுதிப் போட்டியில் கடைசிப் பந்தில் சென்னையை ஜெயித்துக் கோப்பையைத் தூக்கியதும் அதே ராஜஸ்தான்தான். அன்றைக்கு மாப்ளே இரண்டு நாள் சாப்பிடவில்லை. அந்த ராஜஸ்தான் அணியில் பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் துறுதுறுவென்று ஓடிக்கொண்டிருந்தான். ரவீந்திர ஜடேஜா. அன்றைக்கு மாப்ளே அவனைத் திட்டாத திட்டு இல்லை!

* * *

சபையின் பெரிய சண்டை எப்போதும் ஒன்றுதான்: பணம் இருந்தால் கப் வருமா?

சார் அமெரிக்காவை இழுப்பார். அங்கே பேஸ்பாலில் நம்ம ஐ.பி.எல். மாதிரி 'இதற்கு மேல் செலவு பண்ணாதே' என்று கறாரான வரம்பு கிடையாதாம். ஒரு அளவைத் தாண்டினால் அபராத வரி, அவ்வளவுதான். வரியைக் கட்டிவிட்டு எவ்வளவு வேண்டுமானாலும் கொட்டலாம். லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ் என்ற அணி, 2023 டிசம்பரில் ஜப்பானிய வீரர் ஓட்டானியைப் பத்து வருஷத்துக்கு எடுத்தது. 70 கோடி டாலர்!

"மூச்சு விட்டுக்கங்க, இன்னும் இருக்கு" என்பார் சார். "அதுல வருஷத்துக்கு 20 லட்சம் டாலர்தான் அப்பப்பக் கையில. மிச்சம் 68 கோடியை 2034-லேருந்து 2043 வரைக்கும் பிரிச்சுத் தருவாங்க."

"வட்டி?" என்றார் கேஷியர் பங்காளி. தொழில் புத்தி!

"வட்டி கிடையாது."

பெஞ்சு முழுக்க நிசப்தம். டீ மாஸ்டர்கூட ஆற்றுவதை நிறுத்திவிட்டார். "வட்டியில்லாம 68 கோடி டாலரை விட்டுவச்சிருக்கானா? எந்த ஊர்ச் சீட்டுங்க அது?" என்றார்.

நான் விளக்கினேன். நாளைக்குத் தரும் பணத்துக்கு இன்றைய மதிப்பு குறைச்சல். அதனால் அணியின் செலவுக் கணக்கிலும் அது குறைச்சலாகவே ஏறும். மிச்சப்படும் இடத்தில் இன்னும் நாலு பெரிய ஆளைச் சேர்க்கலாம். டாட்ஜர்ஸ் சேர்த்தது. 2024-லும் 2025-லும் அடுத்தடுத்து ஜெயித்தது.

"அப்ப பணந்தானே சார் ஜெயிச்சுச்சு?" என்று ரெப் கேட்டால், சார் அடுத்த ஏட்டைப் புரட்டுவார். 2002-ல் நியூயார்க் யாங்கீஸின் சம்பளப் பட்டியல் சுமார் 12 கோடியே 50 லட்சம் டாலர். ஓக்லாண்ட் அணியினுடையது சுமார் 4 கோடி. அந்த சீசனில் இரண்டு அணிகளும் ஜெயித்தது சரியாக 103 ஆட்டங்கள்! மூன்றில் ஒரு பங்கு செலவில் அதே மார்க்கு. எல்லாரும் பார்க்கிற 'அடி'யை விட்டுவிட்டு, யாரும் விலை வைக்காத திறமையைக் கணக்குப் போட்டு எடுத்தார்களாம். பிற்பாடு இரண்டு அணிகளும் முதல் நாக்-அவுட் சுற்றிலேயே வீட்டுக்குப் போனது தனிக் கதை.

நம்ம ஐ.பி.எல்.லில் எல்லா அணிக்கும் ஒரே பர்ஸ். 2025 சீசனுக்கு 120 கோடி, 2026 சீசனுக்கு 125 கோடி. அப்படியானால் கப்பும் சமமாகப் பிரிய வேண்டுமே? 2008-லிருந்து 2025 வரை பதினெட்டு சீசன். சென்னைக்கு ஐந்து, மும்பைக்கு ஐந்து. பெங்களூருக்குப் பதினெட்டாவது வருஷத்தில்தான் ஒன்று. பஞ்சாபுக்கும் டெல்லிக்கும் அதுவரை ஒன்றுகூடக் கிடையாது.

"பர்ஸு ஒண்ணா இருக்கலாம்யா. செலவழிக்கிற கை ஒண்ணா?" இது டீக்கடை அண்ணன். பக்கத்துக் கடைக்காரரும் அதே பாலில்தான் டீ போடுகிறார் என்பதைச் சூசகமாகச் சொல்கிறாராம்.

இன்னொரு ஏற்றத்தாழ்வும் இருக்கிறது. அதை யாரும் பேசுவதில்லை. அணிக்கும் அணிக்கும் சமம். அணிக்குள்ளே? 2024 நவம்பர் ஏலத்தில் ரிஷப் பந்த்தை லக்னோ 27 கோடிக்கு எடுத்தது. அதே ஏலத்தில் அடிமட்ட விலை 30 லட்சம். வகுத்துப் பாருங்கள்: 90 மடங்கு. ஒரே டிரெஸ்ஸிங் ரூம், ஒரே பஸ், ஒரே தண்ணி பாட்டில். பந்தைப் பொறுக்கி எறிகிறவன் ஒருவன், வாங்கி ஸ்டம்ப்பில் தட்டுகிறவன் இன்னொருவன். நடுவில் 90 மடங்கு.

"எங்க ஆபீஸ்லயும் அப்படித்தான மச்சான்? என்ன, எங்களுக்கு ஸ்லோ மோஷன்ல காட்ட மாட்டேங்கிறாங்க" என்று மாப்ளே ஒருமுறை சொன்னார்.

* * *

இந்த விலை விளையாட்டில் மதுரைக்கும் பங்கு உண்டு.

தமிழ்நாடு பிரீமியர் லீக் 2016-ல் ஆரம்பித்தபோது மதுரைக்கும் ஒரு அணி. முதல் இரண்டு வருஷமும் பட்டியலில் கடைசி. மதுரை என்று பெயர் வைத்துக்கொண்டு கடைசியா என்று எங்களுக்கெல்லாம் அவமானம். 2018-ல் 'மதுரை பாந்தர்ஸ்' என்று புதுப் பெயர். கட்டடக்கலை படித்துவிட்டு, வேலையை விட்டுவிட்டு, சுழற்பந்து போட வந்த ஒருவர் அந்த அணியில் இருந்தார். பெயர் வருண் சக்கரவர்த்தி. அந்த வருஷம் இறுதிப் போட்டியில் பக்கத்து ஊர்ப் பங்காளியான திண்டுக்கல்லை 7 விக்கெட்டில் அடித்து மதுரை கோப்பையைத் தூக்கியது. அதே டிசம்பர் ஐ.பி.எல். ஏலத்தில் 20 லட்சம் அடிப்படை விலையில் வருண் வந்தார். பஞ்சாப் எடுத்தது 8 கோடியே 40 லட்சத்துக்கு. 42 மடங்கு!

உடனே கதை சுபம் என்று நினைத்துவிடாதீர்கள். 2019-ல் காயம், ஒரே ஒரு ஆட்டம். பஞ்சாப் விடுவித்துவிட்டது. அடுத்த ஏலத்தில் கொல்கத்தா 4 கோடிக்கு எடுத்தது. பாதி விலைக்கும் கீழே. அங்கேதான் அவர் நிலைத்து, 2024-ல் கோப்பை, 2025-ல் இந்தியாவுக்கு சாம்பியன்ஸ் டிராபி வரைக்கும் போனார். விலை வேறு, மதிப்பு வேறு என்று எங்கள் காமர்ஸ் வாத்தியார் முதல் வகுப்பிலேயே சொன்னார். எனக்கு அது புரிய வருண் தேவைப்பட்டார்.

இன்னொரு தமாஷ். 2023-ல் தமிழ்நாடு லீக்கில் முதல் முறையாக ஏலம் நடந்தது. ஒரு அணியின் மொத்த பர்ஸே 70 லட்சம். அதில் சாய் சுதர்சனைக் கோவை எடுத்த விலை 21 லட்சத்து 60 ஆயிரம். அதே நேரம் ஐ.பி.எல்.லில் குஜராத் அவருக்குக் கொடுத்தது 20 லட்சம்! உள்ளூர்க் கடையில் சம்பளம் கூடுதல், கார்ப்பரேட்டில் குறைச்சல். அந்த 20 லட்ச ரூபாய்ப் பையன்தான் 2023 இறுதிப் போட்டியில் சென்னைக்கு எதிராக 96 ரன் அடித்து எங்கள் வயிற்றில் புளியைக் கரைத்தார்.

அந்த ஆட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. மழை. நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி. கடைசி இரண்டு பந்தில் பத்து ரன் வேண்டும். மோஹித் சர்மா பந்து போட, ஜடேஜா ஒரு சிக்ஸர், ஒரு ஃபோர். கப் சென்னைக்கு. தோனி ஜடேஜாவை அலாக்காகத் தூக்கினார். எங்கள் தெருவில் மாப்ளே தன் மாமனாரைத் தூக்கினார். மாமனாருக்கு இடுப்பில் பிடித்துக்கொண்டு ஒரு வாரம் தைலம்.

* * *

2025 நவம்பர் 15. சனிக்கிழமை. ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்துவிட்டு, சஞ்சு சாம்சனைச் சென்னை வாங்கிக்கொண்டது. சஞ்சு 18 கோடிக்கு வந்தார். சென்னையில் 18 கோடி வாங்கிய ஜடேஜா, 14 கோடிக்குப் போனார்.

சபை இரண்டாக உடைந்தது. ரெப் கணக்கை விரித்தார். "ஜடேஜாவுக்கு முப்பத்தாறு முடிஞ்சு முப்பத்தேழு. சஞ்சுவுக்கு முப்பத்தொண்ணு. கீப்பர், ஓப்பனர், கேப்டனாவும் ஆகலாம். பாலன்ஸ் ஷீட்டைப் பாரு மாப்ளே, சென்ட்டிமென்ட்டைப் பாக்காத."

பங்காளி எண்ணெய் ஊற்றினார். "2019 ஃபைனல்ல ஒரு ரன்ல தோத்தப்பவே நாங்க சொன்னோம், வயசானவங்க சங்கம்னு." (கடைசிப் பந்தில் மலிங்கா ஷர்துலை எல்.பி. ஆக்கிய அந்த ஒரு ரன்னை பங்காளி எந்தப் பேச்சிலும் கொண்டுவந்துவிடுவார். கரன்ட் பில் கட்டப் போனால்கூட.)

நான் சரித்திரம் சொன்னேன். ஜடேஜா முதலில் இருந்ததே ராஜஸ்தானில்தானே? வேறு அணியோடு பேரம் பேசினார் என்று 2010 சீசன் முழுக்க அவருக்குத் தடை போட்டார்கள். பிறகு கொச்சி. 2012 ஏலத்தில் சென்னையும் டெக்கானும் 20 லட்சம் டாலரில் சமமாக நின்று, 'டை பிரேக்'கில் சென்னைக்கு வந்தார். இப்போது பிறந்த வீட்டுக்கே திரும்பிப் போகிறார். இதில் என்ன துக்கம்?

மாப்ளே எதுவுமே பேசவில்லை. டீயில் ஆடை படிந்துவிட்டது.

"அவர்கிட்ட கேட்டாங்களா மச்சான்?" என்றார் கடைசியில்.

"கேட்டுத்தான் ஆகணும். பிளேயர் சம்மதிக்காம ட்ரேட் பண்ண முடியாது. ரூல் இருக்கு."

"ரூல் இருக்கா..." என்று இழுத்தார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து ஒரு மெயிலைக் காட்டினார். முந்தின நாள் சாயங்காலம் வந்தது. இரண்டே வரி. அவரை ஓசூர்க் கிளைக்கு மாற்றியிருக்கிறார்கள். டிசம்பர் 1-ம் தேதி சேர வேண்டும். "என்கிட்ட யாரும் கேக்கல. ஏழு வருஷம். கலெக்‌ஷன்ல நாலு வருஷம் நான்தான் ஃபர்ஸ்ட்டு. எங்க மேனேஜர் ஏழெட்டு அடி தூரத்துல உக்காந்திருக்காரு. வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லல மச்சான். மெயில்லதான் பாத்தேன்."

யாருக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. பங்காளிகூட 2019-ஐ விட்டுவிட்டார். மகள் ரெண்டாம் வகுப்பு, நடு வருஷம். அம்மாவுக்கு வாரம் இரண்டு தடவை ஆஸ்பத்திரி. குடும்பத்தைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. இரண்டு இடத்தில் வாடகை. சம்பளத்தில் ஒரு ரூபாய் ஏறவில்லை.

"பேசிப் பாருடா" என்றார் சார்.

"பேசினேன் சார். 'கம்பெனிக்கு அங்க ஆள் தேவைப்படுது, இதைப் பெர்சனலா எடுத்துக்காதீங்க'ன்னாங்க."

அப்புறம் மாப்ளே என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னார். "எனக்கு இது புதுசா மச்சான்? கண்மாய் டோர்னமென்ட் ஞாபகம் இருக்கா?"

எனக்குச் சுருக்கென்றது.

* * *

மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் கோடைக்குக் கண்மாய் வற்றினால் கிரிக்கெட் டோர்னமென்ட் தொடங்கிவிடும். திருமங்கலம், சோழவந்தான், வாடிப்பட்டி, மேலூர் எங்கே போனாலும் வெடித்த கரம்பையை மட்டப்படுத்தி, நடுவில் ஒரு பிட்ச். கருவேல மரத்தில் மைக் செட். டென்னிஸ் பந்து. நுழைவுக் கட்டணம், முதல் பரிசு, கோப்பை. அங்கேயும் ஏலம் உண்டு. அதற்குப் பெயர் 'கெஸ்ட் பிளேயர்'. வெளியூரில் பேர் வாங்கின ஒருத்தனை ஐந்நூறு ரூபாயும் பிரியாணியும் கொடுத்துக் கூட்டி வந்து இறக்குவார்கள். பெட்ரோல் தனி.

2012 கோடை. எங்கள் டீம் இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டது. பி.காம். படித்தவன் என்பதால் பணப்பை என்னிடம். அந்த டோர்னமென்ட் முழுக்க ஸ்பின் போட்டு எங்களை இழுத்து வந்தது மாப்ளே. ஆனால் எதிர் அணி இரண்டு கெஸ்ட்டை இறக்குகிறது என்று முந்தின ராத்திரி சேதி வந்தது. நானும் ஒரு ஸ்பின்னருக்கு ஐந்நூறு பேசி முடித்தேன். யாரையாவது எடுத்தாக வேண்டும். மாப்ளேயை எடுத்தேன். கணக்குப்படி சரியாகத்தான் இருந்தது.

சொல்லவில்லை. சொல்லத் தைரியம் இல்லை. காலையில் ஸ்கோர் நோட்டில் பதினொரு பெயரை எழுதி வைத்துவிட்டு, டாஸ் போடப் போகிற மாதிரி நகர்ந்துவிட்டேன். மாப்ளே நோட்டைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. பேனாவை எடுத்துக்கொண்டு ஸ்கோர் எழுத உட்கார்ந்தார். கெஸ்ட் நன்றாகத்தான் போட்டான். ஆனாலும் நாங்கள் தோற்றோம். கெஸ்ட் பிரியாணியைச் சாப்பிட்டுவிட்டு, ஐந்நூறை எண்ணி வாங்கிக்கொண்டு, பைக்கில் ஏறிப் போனான். அவன் பெயர்கூட இப்போது எனக்கு ஞாபகம் இல்லை.

"நீ என்னைத் தூக்குனதுல எனக்குக் கோபம் இல்ல மச்சான்" என்றார் மாப்ளே அந்த நவம்பர் சாயங்காலம். "கப்புக்காகத் தூக்குன, சரி. மூஞ்சிக்கு நேரா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

பதிமூன்று வருஷம் கழித்து, நாலு பேர் முன்னால் நான் மன்னிப்புக் கேட்டேன். "அட, விடு மச்சான். டீக் காசை நீ குடு" என்றார். கொடுத்தேன்.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. நாம் ஏன் யாரோ ஒரு கோடீஸ்வரன் ஜெய்ப்பூருக்குப் போவதற்கு இப்படித் தவிக்கிறோம்? 14 கோடி வாங்குகிற ஜடேஜாவுக்கு நம் அனுதாபம் தேவையே இல்லை. ஆனால் நம் ஆபீஸில் நமக்கு நடப்பதைப் பற்றி நாம் யாரிடம் வாய் விட்டுப் பேச முடிகிறது? ரிடென்ஷன், ரிலீஸ், ட்ரேட், அன்சோல்டு... எல்லாம் நமக்கும் நடக்கிறது. 2022 ஏலத்தில் சுரேஷ் ரெய்னாவை யாருமே எடுக்காமல் விட்டார்களே, அன்றைக்கு இந்தப் பெஞ்சில் எத்தனை பேர் கண் கலங்கினார்கள் தெரியுமா? அதில் பாதிப் பேர் ரெய்னாவுக்காக அழவில்லை என்று இப்போது தோன்றுகிறது.

* * *

மறுபடி டிசம்பர் 16. சென்னை ஏலத்தில் கையைத் தூக்கியது. பிரசாந்த் வீர். உத்தரப்பிரதேசத்துப் பையன், இருபது வயசு. இடது கை ஸ்பின், இடது கை பேட்டிங். அடிப்படை விலை 30 லட்சம். ஏறிக்கொண்டே போய் 14 கோடியே 20 லட்சத்தில் முடிந்தது. இந்தியாவுக்கே ஆடாத ஒரு பையனுக்கு அதற்கு முன் ஏலத்தில் அந்த விலை கிடைத்ததில்லை. பின்னாலேயே கார்த்திக் சர்மா என்ற இன்னொரு பையன், அதே விலை.

போனில் ஓசூரிலிருந்து மாப்ளே கணக்குப் போட்டார். "மச்சான், ஜடேஜா அங்க போன விலை 14 கோடி. ஜடேஜா இடத்துக்கு வந்த பையன் 14.20. அசலைவிட டூப்ளிகேட்டு 20 லட்சம் கூட!"

"திட்டாத மாப்ளே. 2008-ல அந்த ராஜஸ்தான் பொடியனையும் நீ இப்படித்தான் திட்டுன."

அந்தப் பக்கம் சிரிப்பு. "திட்டல மச்சான். பாவம், சின்னப் பய. அம்புட்டு விலையையும் தோள்ல தூக்கிட்டு முதல் பந்து போடணும். இங்க எனக்குப் பதிலா மதுரைக்கு ஒரு பையனைப் போட்டிருக்காங்க. வேலையைக் கத்துக்குடுக்கணும்னு தினம் போன் பண்றான். நல்ல பையன். அவனை என்ன சொல்ல?"

"சரி, நீ எப்ப வர்ற?"

"சனிக்கிழமை ராத்திரி பஸ்ஸு. மாட்டுத்தாவணிக்கு விடியக்காலைல வந்துருவேன். என் ஓரத்துல எவனும் உக்காரல்லயே?"

பார்த்தேன். காலியாகத்தான் இருந்தது. கூட்டம் நெரித்தும் எங்கள் ஆட்கள் யாரும் அங்கே உட்காரவில்லை. அதுவரை நானும் அதைக் கவனிக்கவில்லை. பங்காளி தன் டிபன் பாக்ஸை அங்கே வைத்து இடம் பிடித்து வைத்திருந்தார். மும்பைக்காரர்தான்; ஆனாலும் பங்காளி.

"ரிடெய்ன் பண்ணி வச்சிருக்கோம்" என்றேன். "அது கிடக்கட்டும். பர்ஸ்ல மிச்சம் எவ்வளவு மாப்ளே?"

"சென்னைக்கா?"

"இல்லடா, உனக்கு."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"பதினாறு தேதிதான ஆகுது மச்சான்... எரநூத்திப் பத்து ரூபா இருக்கு. பஸ்ஸுக்குப் பத்தாது."

கேஷியர் பங்காளி என் போனைப் பிடுங்கினார். "நம்பரைச் சொல்லுடா, அனுப்புறேன். வட்டி இல்ல. 2034-லேருந்து குடுத்தாப் போதும்!"